பழைய அம்பாசிடரும் புதிய பேக்கிங்கும்

அந்தமான் தீவுகளுக்குப் பெரும்பாலான சாமான்கள் கப்பலில்தான் வருகின்றன. அரிசி வருகிறது. சிமெண்டு வருகிறது. வண்டிக்கு வேண்டிய உதிரி பாகமும் வருகிறது. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் ஏறத்தாழ 1200 கிலோ மீட்டர். கப்பலில் மூன்று நாள் ஆகும். இந்த ஊருக்கு 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று பெயர். இன்றும் பலர் வாயில் வருவது பழைய பெயர்தான்.

சென்னையில் வண்டி கெட்டால் பேருந்து ஏறிக் கடைக்குப் போகலாம். தவறான சாமான் வாங்கிவிட்டால் மாலையே மாற்றி வரலாம். தீவில் அது முடியாது. தவறாக வந்த சாமான் திரும்பிப் போக ஒரு கப்பல் வேண்டும். சரியானது வர இன்னொரு கப்பல் வேண்டும். அதுவரை வண்டி நிற்கும். வண்டி நின்றால் வருமானமும் நிற்கும்.

ஆகவே தீவில் வண்டி வைத்திருப்பவர் சாமான் வாங்கும்போது இரண்டு முறை யோசிக்க வேண்டும். இந்தப் பாடம் ஒரு சின்னச் சாமானைப் பற்றியது. அதன் பெயர் மேனிபோல்டு பேக்கிங். கேஸ்கட் என்றும் சொல்வார்கள்.

அம்பாசிடர் எஞ்சின்

அம்பாசிடர் காரைத் தெரியாதவர் இல்லை. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது. அங்கேதான் இந்தக் கார் பிறந்தது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரே இதற்கு மூலம். 50 ஆண்டுகளுக்கு மேல் இதைச் செய்தார்கள். 2014 மே மாதம் தொழிற்சாலை நின்றது. அதற்குப் பிறகு புது அம்பாசிடர் வரவில்லை.

ஒரு காலத்தில் அபர்தீன் பஜாரில் டாக்சி என்றால் அம்பாசிடர்தான். இன்று புது வகைக் கார்கள் வந்துவிட்டன. ஆனாலும் பழைய அம்பாசிடரை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அப்பா ஓட்டிய வண்டி என்று சிலர் வைத்திருக்கிறார்கள். புது வண்டி வாங்கப் பணம் இல்லை என்று சிலர் வைத்திருக்கிறார்கள். இரண்டுமே நல்ல காரணம்தான்.

பழைய அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. அளவு உள்ளது. அதில் நான்கு சிலிண்டர்கள் இருக்கின்றன. கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும். அந்தக் கலவை ஒரு குழாய் வழியே எஞ்சினுக்குள் போகும். அந்தக் குழாய்தான் இன்லெட் மேனிபோல்டு. உள்ளே எரிந்த புகை வேறொரு குழாய் வழியே வெளியே வரும். அது எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. அங்கிருந்து புகை சைலன்சருக்குப் போகும்.

பல எஞ்சின்களில் இன்லெட் ஒரு பக்கம் இருக்கும். எக்ஸாஸ்ட் எதிர்ப் பக்கம் இருக்கும். இந்த எஞ்சினில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எஞ்சினின் ஹெட்டில் அந்தப் பக்கம் மொத்தம் ஐந்து வாய்கள் உண்டு. இரண்டு வாய்கள் கலவை உள்ளே போக. மூன்று வாய்கள் புகை வெளியே வர. முன்னால் உள்ள இன்லெட் வாய் 1-ஆம் 2-ஆம் சிலிண்டர்களுக்குப் பொது. பின்னால் உள்ளது 3-ஆம் 4-ஆம் சிலிண்டர்களுக்குப் பொது. இந்த ஐந்து வாய்களையும் சுற்றி அடைப்பது ஒரே ஒரு பேக்கிங். இரும்பும் இரும்பும் எவ்வளவு இறுக்கினாலும் முழுவதும் ஒட்டாது. மயிரிழை இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பேக்கிங்கின் வேலை.

வேலை சின்னதுதான். ஆனால் எளிதானது அல்ல. வண்டி மலையேறும்போது புகையின் சூடு 700 டிகிரியைத் தாண்டலாம். பக்கத்திலேயே குளிர்ந்த பெட்ரோல் கலவை போகிறது. ஒரே தகட்டில் ஒரு முனை நெருப்பு, அடுத்த முனை குளிர்ச்சி. வண்டி நின்றதும் எல்லாம் ஆறிச் சுருங்கும். மறுபடி எடுத்தால் சூடாகி விரியும். இப்படித் தினமும் விரிந்து சுருங்குவதைப் பேக்கிங் தாங்க வேண்டும்.

பேக்கிங் போனால் என்ன ஆகும்?

ஓட்டுநர் ஒருவர் மெக்கானிக்கிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, காலையில வண்டிய எடுத்தா டக் டக்னு சத்தம் வருது. கொஞ்ச தூரம் போனா நின்னுடுது."

"டேப்பட் சத்தமா இருக்கும்னு நெனச்சியா தம்பி?"

"ஆமாண்ணே. ரெண்டு தடவ டேப்பட் சரி பண்ணிட்டேன். சத்தம் போகல."

"மேனிபோல்டு பக்கம் பார்த்தியா? கரி பிடிச்சிருக்கா?"

"ஒரு இடத்துல மட்டும் கருப்பா இருக்கு."

"அதுதான். பேக்கிங் போயிடுச்சு."

மெக்கானிக் சொன்னது சரி. எக்ஸாஸ்ட் பக்கம் பேக்கிங் போனால் வண்டி குளிர்ந்திருக்கும்போது சத்தம் வரும். சூடேறியதும் இரும்பு விரிந்து ஓட்டையை ஓரளவு அடைக்கும். சத்தம் குறையும். புகை கசியும் இடத்தில் கரி படியும். டேப்பட் சத்தம் அப்படி அல்ல. சூடானாலும் கேட்கும். கரியும் படியாது.

இன்லெட் பக்கம் போனால் அறிகுறி வேறு. அங்கே எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. ஓட்டை வழியே வேண்டாத காற்று உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் குறையும். வண்டி நின்றபடி ஓடும்போது எஞ்சின் ஆடும். மிஸ்ஸிங் வரும். இழுவை குறையும். பலர் உடனே கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். திருகைத் திருகித் திருகிப் பார்க்கிறார்கள். பாவம், கார்புரேட்டர் மேல் தவறே இருக்காது.

இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் மெதுவாக ஓடட்டும். இன்லெட் பேக்கிங் ஓரத்தில் மட்டும் சிறிது சிறிதாகத் தெளிக்க வேண்டும். ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். எஞ்சின் சத்தம் மாறும். சூடான எக்ஸாஸ்ட் மேல் தண்ணீர் கொட்டக் கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விடும். சிலர் தண்ணீருக்குப் பதில் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பது உண்டு. அது தற்கொலைக்குச் சமம். பக்கத்திலேயே நெருப்பாய்க் கொதிக்கும் குழாய் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

பேக்கிங் போனால் இழுவை குறையும், பெட்ரோல் கூடும். அது பண நஷ்டம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது.

புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. மூச்சில் போனால் ரத்தத்தில் கலக்கும். உடலுக்கு வேண்டிய பிராணவாயுவை ரத்தம் சுமக்க முடியாமல் செய்துவிடும். முதலில் தலைவலி வரும். பிறகு தலை சுற்றும். வாந்தி வரும். தூக்கம் வருவதுபோல் இருக்கும். அப்படியே தூங்கினால் எழுந்திருக்காமலே போகலாம்.

பேக்கிங் ஓட்டையில் கசியும் புகை பானட்டுக்குள் நிறையும். பானட்டுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே தகடு இருக்கிறது. பழைய வண்டியில் அந்தத் தகட்டில் துரு ஓட்டைகள் இருக்கும். ஒயர் போகும் துளைகளில் ரப்பர் உதிர்ந்திருக்கும். அந்த வழியாகப் புகை உள்ளே வரும்.

கண்ணாடி திறந்திருந்தால் காற்றோடு போய்விடும். ஆனால் அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. மழை நாளில் யார் கண்ணாடியைத் திறந்து வைப்பார்கள்?

ஜிர்காடாங் வழியாகப் பாராடாங் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக் காட்டுக்குள் போகிறது. அங்கே தனியாகப் போக முடியாது. குறித்த நேரத்தில் எல்லா வண்டிகளும் வரிசையாகப் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. முந்தவும் கூடாது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டே நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும். பின் இருக்கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். அது அசதியில் வந்த தூக்கமா, புகையில் வந்த மயக்கமா? பார்ப்பவருக்குத் தெரியாது.

வண்டியில் போகும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் சந்தேகப்பட வேண்டும். உடனே கண்ணாடிகளை இறக்க வேண்டும். நிறுத்தக் கூடிய இடத்தில் நிறுத்தி, எல்லோரும் வெளியே காற்றில் நிற்க வேண்டும். மயக்கம் தெளியாதவரைத் தாமதம் இல்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பழுதான பேக்கிங்கோடு இந்தச் சாலையில் போவதே தவறு. முதலில் பேக்கிங்கை மாற்ற வேண்டும். பிறகுதான் பயணம்.

என்னென்ன வகை கிடைக்கும்?

பழைய கடைகளில் பல வகைப் பேக்கிங் இருக்கும். எல்லாம் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

முதலில் காகிதப் பேக்கிங். தண்ணீர் பம்புக்கு இது போதும். கார்புரேட்டர் அடியிலும் கெட்டிக் காகிதம் போடுவார்கள். விலை மிகவும் குறைவு. இதை எக்ஸாஸ்ட் பக்கம் போட்டால் ஒரே நாளில் கருகிச் சாம்பலாகும். தக்கையும் ரப்பரும் அப்படியே.

அடுத்து, குழாயில் வரும் சிலிக்கோன் பேஸ்ட். இப்போது எங்கும் கிடைக்கிறது. "பேக்கிங்கே வேண்டாம், இதைத் தடவினால் போதும்" என்று சிலர் சொல்வார்கள். நல்ல வகைப் பேஸ்ட்கூட 300 டிகிரி சூட்டுக்கு மேல் நெடுநாள் தாங்காது. எக்ஸாஸ்ட் வாயில் அது எரிந்து உதிரும். இன்லெட் பக்கம் அதிகமாகத் தடவினால் பிதுங்கி உள்ளே விழும். எண்ணெய்த் தொட்டி மூடிக்கு அது நல்லது. மேனிபோல்டுக்கு அல்ல.

மூன்றாவது, ஜாயிண்டு ஷீட்டில் வெட்டியது. நாரையும் ரப்பரையும் சேர்த்து அழுத்திச் செய்த தகடு இது. மெக்கானிக்கே கடையில் ஷீட் வாங்கி அளவெடுத்து வெட்டலாம். அவசரத்துக்குக் கைகொடுக்கும். எக்ஸாஸ்ட் சூட்டில் இதிலுள்ள ரப்பர் நாளடைவில் கருகும். தகடு காய்ந்து நொறுங்கும். அடுத்த கப்பல் வரும்வரை வண்டி ஓட்ட இது உதவும். ஆண்டுக்கணக்கில் ஓட்ட உதவாது.

நான்காவது, இரும்புத் தகடு வைத்த பேக்கிங். நடுவில் அல்லது ஒரு பக்கத்தில் மெல்லிய இரும்புத் தகடு இருக்கும். அதில் சல்லடைபோல் துளைகள் இருக்கும். மீதி இடத்தில் சூடு தாங்கும் நார் அல்லது கிராபைட் இருக்கும். பென்சிலில் எழுதும் கருப்புப் பொருள்தான் கிராபைட். இந்த எஞ்சினுக்குப் பொருத்தமானது இந்த வகைதான். விலை கூடுதல். ஆனால் நீடித்து உழைக்கும்.

தகடு வைத்த பேக்கிங்கில் ஒரு பக்கம் இரும்பாகவும் மறுபக்கம் நாராகவும் இருக்கலாம். அப்போது பொதுவாக இரும்புப் பக்கம் மேனிபோல்டைப் பார்த்து இருக்க வேண்டும். மேனிபோல்டு சூட்டில் நீளும். வழவழப்பான இரும்பின் மேல் அது வழுக்கிப் போகும். நாரைப் பிய்க்காது. உறையில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதன்படியே செய்ய வேண்டும்.

மலிவு எது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இங்கே வரும் தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. விலை கடைக்குக் கடை மாறும்.

ஒருவர் 80 ரூபாய்க்கு ஷீட்டில் வெட்டிய பேக்கிங் போடுகிறார். மாற்றும் கூலி 500 ரூபாய். அன்று வண்டி ஓடாததால் 800 ரூபாய் வருமானம் போகிறது. மொத்தம் 1380 ரூபாய். அந்தப் பேக்கிங் மூன்று மாதம் வருகிறது. ஆண்டுக்கு நான்கு முறை மாற்ற வேண்டும். 1380-ஐ நான்கால் பெருக்கினால் 5520 ரூபாய்.

இன்னொருவர் 250 ரூபாய்க்குத் தகடு வைத்த பேக்கிங் வாங்குகிறார். சென்னையிலிருந்து வர 60 ரூபாய் செலவு. கூலி 500. ஒரு நாள் வருமானம் 800. மொத்தம் 1610 ரூபாய். அந்த ஆண்டு முழுவதும் மறுபடி மாற்றவில்லை.

5520-லிருந்து 1610-ஐக் கழித்தால் 3910 ரூபாய். 80 ரூபாய் பேக்கிங் வாங்கியவருக்கு அவ்வளவு கூடுதல் செலவு. விலை குறைந்ததைத்தான் வாங்கினார். ஆனால் மலிவானதை வாங்கவில்லை. இந்தக் கணக்கில் பெரிய தொகை பேக்கிங் விலை அல்ல. கூலியும் நின்ற நாளும்தான்.

அப்படியானால் எங்கே பணத்தை மிச்சம் பிடிப்பது? முழு எஞ்சின் செட்டை வாங்காமல் இருக்கலாம். கடைக்காரர் முழு செட்டையே காட்டுவார். அதில் ஹெட் பேக்கிங் முதல் எண்ணெய்த் தொட்டி பேக்கிங் வரை எல்லாம் இருக்கும். மேனிபோல்டு மட்டும் போயிருந்தால் அது வீண். ஆறு மாதத்துக்குள் ஹெட்டைக் கழற்றும் வேலை இருந்தால் மட்டும் செட் லாபம். தண்ணீர் பம்பு போன்ற இடங்களுக்குக் காகிதத்தை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம். அங்கே காசு செலவழிக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. மேனிபோல்டைக் கழற்றும்போது கார்புரேட்டர் அடியிலுள்ள பேக்கிங்கும் கலையும். சைலன்சர் குழாய் சேரும் இடத்திலுள்ள பேக்கிங்கும் கலையும். மூன்றையும் ஒன்றாக வாங்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அந்த ஒன்றுக்காக வண்டி அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும்.

கடைக்கு எழுதும் சீட்டு

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டிச் சாமான் கடைகள் நிறைய உண்டு. பழைய வண்டிச் சாமானுக்குப் புதுப்பேட்டை பேர்போனது. கொல்கத்தாவில் மல்லிக் பஜார். ஊருக்குப் போகும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவது தீவில் வழக்கம். "அம்பாசிடருக்கு ஒரு பேக்கிங் வாங்கி வா" என்று வாயால் சொன்னால் தவறான பேக்கிங்தான் வரும். ஏனென்றால் அம்பாசிடரில் ஒரே எஞ்சின் இல்லை. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உண்டு. டீசல் எஞ்சின் உண்டு. 1990-களில் வந்த 1800 சி.சி. இசுசு எஞ்சின் உண்டு. ஒன்றின் பேக்கிங் மற்றொன்றுக்குச் சேராது.

எழுதிக் கொடுத்தால் தவறு வராது. சீட்டு இப்படி இருக்கலாம்:

வண்டி: அம்பாசிடர்.
எஞ்சின்: பெட்ரோல், 1489 சி.சி.
வேண்டியது: மேனிபோல்டு பேக்கிங், இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்தது, தகடு வைத்தது, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது. எண்ணிக்கை 2.
கார்புரேட்டர் பேக்கிங் 1.
சைலன்சர் குழாய் பேக்கிங் 1.
குறிப்பு: பழைய பேக்கிங்கின் அளவு காகிதத்தில் வரைந்து அனுப்பியிருக்கிறது. வைத்துப் பார்த்து வாங்கவும். மடிக்க வேண்டாம்.

எஞ்சின் எண்ணையும் கீழே எழுதினால் இன்னும் நல்லது. அது எஞ்சினிலேயே பொறித்திருக்கும்.

அளவு வரைவது எளிது. பழைய பேக்கிங்கைக் கெட்டிக் காகிதத்தின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைய வேண்டும். ஐந்து வாய்களையும் நட் துளைகளையும் வரைய வேண்டும். பேக்கிங் உடைந்து போயிருந்தால், கழற்றிய மேனிபோல்டின் முகத்தில் லேசாக எண்ணெய் தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுக்கலாம்.

கடையில் வாங்குபவர் வாய்களின் அளவைப் பார்க்க வேண்டும். பேக்கிங்கின் துளை வாயைவிட இம்மியளவு பெரிதாக இருக்கலாம். சிறிதாக இருக்கக் கூடாது. சிறிதாக இருந்தால் பேக்கிங் விளிம்பு வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். கலவையையும் புகையையும் தடுக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் அந்த விளிம்பு எரிந்து பிய்யும்.

"மடிக்க வேண்டாம்" என்பது சும்மா எழுதியது அல்ல. பெட்டியில் இடம் இல்லை என்று பேக்கிங்கைச் சுருட்டி வைப்பார்கள். சுருட்டிய இடத்தில் தகடு மடியும். நார் வெடிக்கும். பொருத்திய பிறகு அந்த இடத்தில்தான் கசியும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது பேக்கிங்கைப் பாலிதீன் உறையில் போட்டு வீட்டில் தட்டையாக வைக்கலாம். உப்புக் காற்றில் தகடு துருப்பிடிக்கும். ஈரம் இல்லாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் தூசி

பழைய பேக்கிங்குகளில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். கல்நார் என்பது அதன் தமிழ்ப் பெயர். அது நெருப்பில் எரியாது. அதனால்தான் பேக்கிங்கில் போட்டார்கள். ஆனால் அதன் தூசி கண்ணுக்குத் தெரியாத ஊசிபோன்றது. மூச்சில் போனால் நுரையீரலில் தைத்துக்கொள்ளும். வெளியே வராது. நுரையீரல் இறுகும். புற்றுநோயும் வரலாம். நோய் உடனே தெரியாது. 20 ஆண்டு, 30 ஆண்டு கழித்துத் தெரியும். அப்போது அந்த மெக்கானிக் எந்தத் தூசி என்று எங்கே நினைத்துப் பார்ப்பார்?

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலம் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகளைப் பற்றியது. சாலையோர ஒர்க்ஷாப்பில் தூசியைக் கவனிக்க வேறு ஆள் இல்லை. வேலை செய்பவர்தான் கவனிக்க வேண்டும்.

பழைய பேக்கிங்கைக் காய்ந்தபடியே சுரண்டக் கூடாது. முதலில் எஞ்சின் நன்றாக ஆற வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர் தெளித்து ஊற விட வேண்டும். ஈரத்தோடு மெல்லச் சுரண்டினால் தூசி பறக்காது. கம்பி பிரஷ் கூடாது. கிரைண்டர் கூடாது. கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது. சுரண்டியதை ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். துணியோடு பாலிதீன் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். அந்தச் சட்டையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. சின்னப் பையன்களை உதவிக்கு வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வது பெரும் பாவம்.

பொருத்தும் முறை

நல்ல பேக்கிங் வாங்கியும் ஒரு மாதத்தில் போய்விட்டது என்று சிலர் குறைப்படுவார்கள். பல நேரம் குறை பேக்கிங்கில் இருக்காது. மேனிபோல்டு வளைந்திருக்கும்.

மேனிபோல்டைக் கழற்றியதும் அதன் முகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். நேரான இரும்பு ஸ்கேலை அதன் மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் வளைவு இருக்கிறது. 0.2 மில்லி மீட்டர் பீலர் கேஜ் உள்ளே நுழைந்தால் லேத்தில் கொடுத்துச் சமன்படுத்துவது நல்லது. வளைவு அதைவிடக் குறைவாக இருந்தால் தகடு வைத்த பேக்கிங் சமாளித்துக்கொள்ளும்.

இந்த எஞ்சினில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சில நட்டுகளின் அடியில் தடித்த பெரிய வாஷர் இருக்கும். அது ஒரு பாதியால் இன்லெட்டையும் மறு பாதியால் எக்ஸாஸ்ட்டையும் அழுத்தும். இரண்டின் காதுகளும் ஒரே கனமாக இருக்க வேண்டும். பழைய மேனிபோல்டு ஒன்றை மாற்றியிருந்தாலோ, ஒன்றை மட்டும் லேத்தில் தேய்த்திருந்தாலோ கனம் வேறுபடும். வாஷர் சாயும். கனமான பக்கம் இறுகும். மெல்லிய பக்கம் இறுகாது. அங்கே எந்தப் பேக்கிங் போட்டாலும் கசியும். எத்தனையோ பேர் பேக்கிங்கை மாற்றி மாற்றி அலுத்துப்போனதற்கு இந்தச் சாய்ந்த வாஷர்தான் காரணம். வளைந்த, மெல்லிய வாஷரைத் திரும்பப் போடக் கூடாது.

ஸ்டட்டுகள் கடல் காற்றில் துருப்பிடித்திருக்கும். முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் ஸ்டட் ஒடியும். ஒடிந்த ஸ்டட்டை எடுக்கும் கூலியில் நான்கு பேக்கிங் வாங்கலாம். இரும்பு நட்டுக்குப் பதில் பித்தளை நட்டுப் போட்டால் துருவில் பிடித்துக்கொள்ளாது. மரையில் கிராபைட் கலந்த கிரீஸ் சிறிது தடவலாம். அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார்.

இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் நடுவில் போல்ட்டால் இணைந்திருந்தால் அந்தப் போல்ட்டுகளை முதலில் தளர்த்தி வைக்க வேண்டும். இரண்டையும் ஹெட்டில் உட்கார வைத்து நட்டுகளை இறுக்கிய பிறகே நடுப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும்.

நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் முழுவதும் இறுக்கக் கூடாது. முதல் சுற்றில் கை இறுக்கம். இரண்டாம் சுற்றில் பாதி. மூன்றாம் சுற்றில் முழுவதும். ஸ்பானர் பிடியில் குழாய் மாட்டி இறுக்குவது பலம் காட்டுவதாகும். மேனிபோல்டின் காது ஒடிந்தால் புது மேனிபோல்டு கிடைப்பது கடினம். அதைச் செய்த தொழிற்சாலை இப்போது இல்லை.

பிறகு எஞ்சினை ஓட்டிச் சூடாக்க வேண்டும். ஓட்டுவது திறந்த வெளியில் இருக்க வேண்டும், மூடிய ஷெட்டுக்குள் அல்ல. மறுபடி முழுவதும் ஆற விட வேண்டும். ஆறிய பிறகு நட்டுகளில் ஸ்பானர் வைத்துப் பார்த்தால் சில தளர்ந்திருக்கும். புதுப் பேக்கிங் சூட்டில் அழுந்தி உட்கார்ந்திருப்பதே காரணம். அவற்றை அதே வரிசையில் இறுக்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டியபின் இன்னொரு முறை பார்க்க வேண்டும். மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினை எடுக்கும்போது காது கொடுத்துக் கேட்டால் போதும். டக் டக் சத்தம் இல்லையென்றால் வேலை சரி. அளவு வரைந்த காகிதத்தை வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைக்கலாம். அதன் பின்பக்கம் பேக்கிங் மாற்றிய தேதியையும் வாங்கிய விலையையும் எழுதி வைத்தால், அடுத்த முறை எத்தனை மாதம் உழைத்தது என்று கணக்குப் பார்க்கலாம்.